டீ-சேர்ட்டில் தமிழ்: வினைலா, தாளா, டிடிஎஃப்பா?

அக்கா மகனின் மென்பந்து அணிக்குப் பதினொரு சேர்ட். நெஞ்சில் அணிப் பெயர் 'வெள்ளவத்தை', முதுகில் பெயரும் இலக்கமும். இந்த மாதிரி வேலைகளுக்காகத்தான் வீட்டில் வைத்து வெட்டும் மெஷின் ஒன்று வாங்கினேன். அதன் பெயர் கிரிகட். உச்சரிப்பதும் கிரிக்கெட் போலத்தான். பந்து வீசுகிற மெஷின் வாங்கிவிட்டேன் என்று அம்மா இரண்டு நாள் கோபத்தில் இருந்தார்.

அயன் பண்ணி ஒட்டும் எழுத்துக்கு மூன்று வழி உண்டு: மெஷினில் வினைல் (சூட்டில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) வெட்டுவது, இங்க்ஜெட் பிரிண்டரில் டிரான்ஸ்பர் தாள் அடிப்பது, கடையில் டிடிஎஃப் (பிலிமில் அச்சடித்துத் துணிக்கு மாற்றும் முறை) அச்சடித்து வாங்கி வந்து ஒட்டுவது.

தாளை முதலிலேயே கழித்துவிடலாம். வெள்ளைச் சேர்ட்டில் ஒரு போட்டோ போட அது போதும். கறுப்புச் சேர்ட்டுக்கென்று தனித் தாள் இருக்கிறது. அதன் அடி வெள்ளை. எழுத்தின் ஓரத்தோடு வெட்டாவிட்டால் சுற்றிலும் வெள்ளைக் கரை நிற்கும். சில தடவை துவைத்ததும் வெடிப்பு விழுகிறது.

போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

வினைலில் மெஷின் வெட்டுவது சுலபமான பகுதி. வடிவத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, பளபளக்கும் பிளாஸ்டிக் பக்கம் கீழே இருக்க மெஷினின் ஒட்டும் பாயில் ஒட்டி வெட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சோதனை: வேண்டாத வினைலைக் கொக்கியால் உரித்தெடுப்பது. ஆங்கில எழுத்தென்றால் ஐந்து நிமிடம். தமிழுக்குப் புள்ளி இருக்கிறதே! ஒரு அங்குல எழுத்தில் அது மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். உரிக்கும்போது கழிவோடு சேர்ந்து போய்விடும். முதல் சேர்ட்டைப் பார்த்த மருமகன் கேட்டான்: "மாமா, இதென்ன 'வெளளவத்தை'?"

இன்னொரு தொல்லை, சில மென்பொருட்களில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, வளைகோடாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று படும் கோடுகளை இணைத்துவிட்டு அனுப்புகிறேன். இணைக்காவிட்டால் கத்தி எழுத்தின் நடுவிலேயே கோடு போட்டுவிடும். இப்படி வரைந்து சேமிக்கும் எஸ்விஜி கோப்பைக் கிரிகட் திறக்கும். ஆனால் கணினியில் அதன் மென்பொருளுக்குப் பெரும்பாலும் இணையம் வேண்டும். நண்பனிடம் இருக்கும் சிலுவெட் கேமியோ என்ற வெட்டும் மெஷின் இணையம் இல்லாமலே ஓடும். ஆனால் அதன் மென்பொருளின் இலவசப் பதிப்பு எஸ்விஜியைத் திறக்காது. எனக்கு இணையம் பிரச்சினை இல்லை என்பதால் கிரிகட்டே சரி.

சூட்டு விடயத்தில் கவனம் வேண்டும். பருத்திக்கு ஏறத்தாழ 150 முதல் 160 பாகை செல்சியஸில் 10–15 விநாடி. அயன் பொக்ஸில் நீராவியை நிறுத்திவிட்டு, மெத்தை வைத்த அயன் மேசையை விட்டு, கெட்டியான மேசையில் அழுத்த வேண்டும். விளையாட்டுச் சேர்ட் பொலியெஸ்டர் என்றால் அந்தச் சூடு கூடாது. சிவப்புத் துணியின் சாயம் ஏறி வெள்ளை எழுத்து ரோஸாகிவிடும். குறைந்த சூட்டில் ஒட்டும் வினைலைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு உறவினர் ஹீட் பிரஸ் (சூடாக அழுத்தி ஒட்டும் மெஷின்) கொண்டு வருவதாகச் சொன்னால் மறக்காமல் வோல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் பிரஸை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும்.

டிடிஎஃப்பில் உரிக்கும் வேலையே இல்லை. பிலிமில் நிறத்தையும் அதன்மேல் வெள்ளை மையையும் அடித்து, பசைத்தூள் தூவி உருக்கித் தருகிறார்கள். எத்தனை நிறமும் வரும், பெரும்பாலான துணிகளில் பிடிக்கும், புள்ளியும் பத்திரம். ஒரே தாளில் பதினொரு பெயரையும் நெருக்கி அடுக்கலாம். குறை என்னவென்றால், ஒரு பெயரில் பிழை வந்தாலும் திரும்பக் கடைக்கு ஓட வேண்டும். நம் பெயர்களில் ந, ன, ண பிழை வராத நாள் ஏது? பெரிய இலக்கத்தை அதில் அடித்தால் முதுகில் பிளாஸ்டிக் தகடு ஒட்டின மாதிரி வியர்க்கும். வினைலும் காற்று விடாதுதான். ஆனால் இலக்கத்தை வெறும் கோட்டுருவமாக வெட்டிவிட்டால் கனமே தெரியாது.

கடைசியில் இலக்கங்களையும் அணிப் பெயரையும் வினைலில் வெட்டினேன், முதுகுப் பெயர்களை டிடிஎஃப்பில் அடித்தேன். ஒட்டி ஒரு நாள் கழித்தே துவைக்கக் கொடுத்தோம், உட்புறத்தை வெளியே திருப்பி.

அந்த முதல் சேர்ட்டை மருமகன் எறியவில்லை. மார்க்கர் பேனாவால் புள்ளியைத் தானே வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போட்டுப் போகிறான்.