தொட்டு வரையும் நிப்பா, டேப்லெட்டா?

மதுரையில் என்னிடம் படம் பழக வரும் பிள்ளைகள் கேலிச்சித்திரத்துக்கு இங்க்கில் தொட்டு வரையும் நிப் நல்லதா, கம்ப்யூட்டரோடு இணைத்து வரையும் டேப்லெட் நல்லதா என்று கேட்டால், பீரோவைத் திறந்து ஒரு பழைய தாளை எடுப்பேன். ஓவியக் கல்லூரியில் படித்தபோது எங்கள் வாத்தியாரை வரைந்தது. காதைப் பார்த்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

செலவு: நிப், அதைச் செருகும் கட்டை, இந்தியன் இங்க், கெட்டித்தாள் எல்லாம் சில நூறு ரூபாயில் முடியும். டேப்லெட் என்றால் ஆயிரக்கணக்கில். திரையோடு வேண்டுமென்றால் இன்னும் பல மடங்கு.

ஆயுள்: அந்தப் படத்தில் கோடு இன்றும் கறுப்பாகவே நிற்கிறது. இந்தியன் இங்க்கில் இருப்பது கரிப்புகை, வெளிச்சத்துக்கு வெளுக்காது. சட்டைக்கு ஸ்கெட்ச் பேனாவால் அடித்த சிவப்புதான் பறந்துவிட்டது; அது வெறும் சாயம். தாளும் செய்தித்தாள் ரகம், பழுப்பேறி மடிப்பில் உடைகிறது. டேப்லெட் படம் மங்காது. ஆனால் ஹார்ட் டிஸ்க் படுத்தால் மொத்தமும் போச்சு. இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

சுலபம்: டேப்லெட்டில் பிழையை நொடியில் அழிக்கலாம். நிப்பில் அது நடக்காது. வாத்தியாரின் மூக்கே கை தவறி நீண்டதுதான். அழிக்க வழியிருந்தால் அழித்திருப்பேன், படமும் செத்திருக்கும். அவர் பார்த்துச் சிரித்துவிட்டு, "தாடையைக் கவனிடா" என்றார்.

திருத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் வாடிக்கையாளருக்கும், கல்யாண ஆர்டருக்கும் டேப்லெட். கை பழக, சுவரில் மாட்ட நிப். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு மட்டும் இங்க் குப்பியைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பென்சில், வீட்டுக்கு வந்து இங்க்.