ஜப்பானிய உணவகத்துக்குச் சைவக்காரர்களை அழைத்துப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அம்மாவுக்கு 70 வயது நிறைந்ததற்காகப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் ஜப்பானிய உணவகத்துக்குக் குடும்பமாகப் போனோம். ஐந்து பேர். 475 ரிங்கிட் 60 சென் கட்டினோம். அம்மா 22 வருடமாகக் காத்துவந்த சைவம் அந்த மேசையில் கெட்டுப்போனது. இரண்டையும் என்னால் மன்னிக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இது எந்தக் கடையிலும் நடக்கலாம்.

என் தம்பி டெங்கிக் காய்ச்சலில் ரத்த அணுக்கள் குறைந்து மருத்துவமனையில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இனி மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மா பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டார். தம்பி பிழைத்தான். அன்றிலிருந்து மீன், இறைச்சி, முட்டை எதுவும் இல்லை. கல்யாண வீட்டில்கூட எந்தக் கரண்டியை எதில் போட்டார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் இலையில் வாங்குவார். அப்படிப்பட்டவரை அங்கே அழைத்துப் போனது நான்தான். "பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாடு போதும்மா" என்றுதான் அவர் சொன்னார். என் மகளுக்கு ஜப்பானியச் சாப்பாடு என்றால் உயிர், பாட்டியும் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தாள். நான் வெள்ளிக்கிழமையே கடைக்குப் போன் போட்டு, சைவம் கிடைக்குமா என்று கேட்டேன். "இருக்கு, வாங்க" என்றார்கள்.

உட்கார்ந்ததும் பரிமாற வந்தவர் ஒரு தமிழ்ப் பையன். இருபது வயதுதான் இருக்கும். அம்மாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. "ஆண்ட்டி சைவமா? கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் பேச்சை நம்பித்தான் மெனுவைக்கூட நான் சரியாகப் படிக்கவில்லை. மீன், முட்டை எதுவுமே கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். டேப்லெட்டில் என்னவோ தட்டினான். அம்மாவுக்கு மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதில் செய்வது), அகெடாஷி தோஃபு (பொரித்த சோயாக் கட்டி), காய்கறி டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) மூன்றும் சைவம் என்று அவனேதான் எடுத்துக் கொடுத்தான்.

சூப் முதலில் வந்தது. அம்மா பாதிக் கிண்ணம் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, ரசம் மாதிரி தொண்டைக்கு இதமா" என்றார். அப்புறம் தோஃபு வந்தது. பொரித்த தோஃபுத் துண்டுகள் கரும்பழுப்புச் சாற்றில் நிற்கின்றன. மேலே துருவிய முள்ளங்கி, வெங்காயத்தாள், அதற்கும் மேலே பழுப்பு நிறத்தில் மெல்லிய சீவல்கள். ஆவி பட்டு அந்தச் சீவல்கள் சுருண்டு நெளிந்து ஆடிக்கொண்டிருந்தன. நான் ஒரு மூலையைக் கரண்டியால் வெட்டி அம்மா பக்கம் நகர்த்தினேன். "இது என்னம்மா, உயிரோட இருக்கற மாதிரி ஆடுது?" என்று அம்மா கேட்க, என் மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அது மீன்."

பையனைக் கூப்பிட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "சாரி அக்கா, வேற கொண்டு வர்றேன்" என்று கிண்ணத்தை எடுத்துப் போனான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டது. சீவல் இல்லை. ஆனால் நான் வெட்டிய அந்த மூலை அப்படியே இருந்தது. முள்ளங்கிக் குவியல் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. வெங்காயத்தாளின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு சீவல், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு. சமையலறையில் மேலே இருந்ததை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு அதே கிண்ணத்தை அனுப்பியிருக்கிறார்கள். 70 வயதுப் பெண்ணுக்கு, பிறந்தநாளன்று!

அந்தச் சீவலுக்குக் கட்சுவோபுஷி என்று பெயர். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டைபோல் ஆகும்வரை காயவைத்துச் சீவுவது. ஊரில் மாசிக் கருவாடு பார்த்தவர்களுக்கு உடனே புரியும், கிட்டத்தட்ட அதே சரக்குதான். மேலே தூவியதை விடுங்கள், அது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் உள்ளே இருப்பதுதான் ஆபத்து. இந்தச் சீவலையும் கொம்பு என்னும் கடற்பாசியையும் நீரில் ஊறவைத்தும் கொதிக்கவைத்தும் எடுக்கும் சாறுதான் டாஷி. நம் வீட்டில் தாளிப்பு எப்படியோ, ஜப்பானியச் சமையலில் டாஷி அப்படி, எல்லாவற்றிலும் இருக்கும். தோஃபு நிற்கும் அந்தச் சாறு அதுதான். மிசோ சூப்பின் அடிப்படையும் அதுதான். உடோன், சோபா நூடல்ஸின் சாறு, டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாஸ், சாவான்முஷி என்னும் அவித்த முட்டைக் கலவை, கீரையை அவித்துக் குளிரவைத்துத் தருகிறார்களே அதன்மேல் ஊற்றுவது, எல்லாவற்றிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும்.

எனக்கு இது அன்றைக்குத் தெரியாது. மேசையிலேயே போனில் தேடிப் படித்தேன். படித்ததும் வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் அம்மா ஏற்கெனவே பாதி சூப் குடித்துவிட்டார். பையனிடம் கேட்டேன். உள்ளே போய் வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "சூப் கலவையிலேயே மீன் இருக்காம் அக்கா. நான் ஆர்டர் போடும்போது கேட்டேன், கிச்சன்ல இறைச்சி இல்லன்னு சொன்னாங்க, அதான் சைவம்னு நினைச்சிட்டேன்." பார்ட் டைம் வேலை, வந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாத பையனை மேசைக்கு அனுப்பி, கேட்ட கேள்விக்கு அரைகுறைப் பதில் கொடுத்தவர்கள்மேல்தான் கோபம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "பரவால்லம்மா, தெரியாம நடந்தது, நீங்க சாப்பிடுங்க" என்று எங்களைத்தான் சமாதானப்படுத்தினார்.

மேனேஜர் வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். மீன் என்பது இறைச்சியில் சேராதே என்றார். மற்ற வாடிக்கையாளர் யாரும் இப்படிக் குறை சொன்னதில்லை என்றார். மெனுவின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வாமை பற்றிப் பொடி எழுத்தில் போட்டிருப்பதை விரலால் காட்டினார். அதில் முட்டை, கடலை, நண்டு, இறால் என்று இருந்ததே தவிர, எந்தச் சாற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

இதைச் சொல்லியே ஆகவேண்டும்: மீன் இல்லாத ஜப்பானியச் சமையல் முடியாத காரியம் இல்லை. அங்கே புத்தக் கோயில்களில் துறவிகள் பல நூற்றாண்டுகளாகச் சமைக்கும் ஷோஜின் உணவில் மீனும் கிடையாது, இறைச்சியும் கிடையாது. டாஷியைக் கொம்பிலும் காய்ந்த ஷிட்டாகே காளானிலும் எடுப்பார்கள். உமாமி என்கிறார்களே அந்தச் சுவை, அதை கிகுனாயே இக்கேடா என்ற வேதியியல் பேராசிரியர் 1908இல் கண்டுபிடித்ததே கொம்புச் சாற்றிலிருந்துதான், மீனிலிருந்து அல்ல. ஆக, மனம் இருந்தால் தனியாக ஒரு சட்டி சாறு வைக்க முடியும். வைக்காவிட்டாலும் குற்றமில்லை. "எங்களிடம் சைவம் இல்லை" என்று வெள்ளிக்கிழமை போனில் சொல்லியிருந்தால் நாங்கள் வாழையிலைக்கே போயிருப்போம்.

இனி பில். நாங்கள் உட்கார்ந்ததுமே ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வெள்ளரிக்காய் ஊறுகாய் வைத்தார்கள். கேட்கவில்லை, மெனுவிலும் இல்லை. உபசாரம் என்று நினைத்தோம். ஆளுக்கு 6 ரிங்கிட், மொத்தம் 30. பிளாஸ்டிக் உறையில் ஈரத்துண்டு, ஆளுக்கு 2, அது 10. "டீ?" என்று கேட்டதற்குத் தலையாட்டினோம், ஆளுக்கு 4, அது 20. ஜப்பானில் குடிக்கும் கடைகளில் இப்படிச் சின்னத் தட்டு வைத்து இருக்கைக் கட்டணம்போல் வாங்கும் வழக்கம் உண்டு, ஓட்டோஷி என்பார்கள். அது அந்த ஊர் வழக்கம், அங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே ஜப்பானில் ஈரத்துண்டு சும்மா தருவார்கள், சூஷிக் கடையில் டீயும் சும்மா. இந்தக் கடை காசு வரும் வழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவந்துவிட்டு, மற்றதையும் காசாக்கியிருக்கிறது.

தம்பியிடம், "இன்னைக்கு ஹமாச்சி ஜப்பான்லேர்ந்து வந்திருக்கு, எடுத்துக்கறீங்களா?" என்று ஒருவர் வந்து கேட்டார். ஹமாச்சி ஒருவகை மீன். விலை சொல்லவில்லை, பலகையிலும் எழுதவில்லை. அவனும் கேட்கவில்லை, அது எங்கள் தப்பு. ஏழு துண்டு. பில்லில் 98 ரிங்கிட்.

அம்மா தொடாத தோஃபுவுக்கும் 18 ரிங்கிட் போட்டிருந்தார்கள். மொத்தம் 428, அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் 10 விழுக்காடு 42.80, வரி 6 விழுக்காடு 25.68, கூட்டி 496.50. அரை மணி நேரம் நின்று பேசியபிறகு, ஏதோ தயவு செய்வதுபோல் தோஃபுவை மட்டும் கழித்தார்கள். அதனால்தான் 475.60. சூப்பைக் கழிக்கவில்லை. குடித்துவிட்டீர்களே என்றார்கள்.

சர்வீஸ் சார்ஜ் பற்றி நம்மில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. அந்த 6 விழுக்காடு அரசாங்கத்தின் சேவை வரி. 2024 மார்ச்சில் மற்றப் பல சேவைகளுக்கு 8 ஆனபோதும் உணவகங்களுக்கு 6ஆகவே விட்டார்கள். 10 விழுக்காடு அரசாங்கத்துக்குப் போவதில்லை, கடை தன் சேவைக்கு என்று வாங்குவது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இந்த இரண்டும் சேரும் என்று பொருள். அதாவது 100 ரிங்கிட் சாப்பாடு 116. அம்மாவுக்குச் செய்த சேவைக்கு 41 ரிங்கிட் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

முஸ்லிம் தோழிகள் இப்படிப்பட்ட கடைக்குப் போனால் மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் சான்றிதழைப் பார்ப்பார்கள், ஏனென்றால் மிரின், சாக்கே எல்லாம் மதுதான், சாஸில் கலந்திருக்கும். அவர்களுக்குப் பார்க்க ஒரு முத்திரை இருக்கிறது. நமக்கு அப்படிப் பரவலான ஒன்று இல்லை, வாயால் கேட்பதுதான் வழி. "பன்றி இறைச்சி இல்லை" என்ற பலகை மாட்டிறைச்சி பற்றி ஒன்றும் சொல்லாது. முக்கியமாக ஜப்பானியக் கறி. கறி என்ற பெயரைப் பார்த்து, காய்கறிக் கறி என்றால் நமக்கு ஒத்துவரும் என்று பிள்ளைகள் ஆர்டர் செய்வார்கள். அந்தக் குழம்பைக் கட்டியாக வரும் கலவையைக் கரைத்துச் செய்கிறார்கள், பல கலவைகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். மேலே மிதப்பது உருளைக்கிழங்கும் கேரட்டும்தான், அடியில் இருப்பது வேறு.

அதனால் "சைவம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "சூப்பிலும் சாஸிலும் டாஷி இருக்கிறதா, அது மீனில் எடுத்ததா?" என்று கேளுங்கள். "டெம்புராவை இறால் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கிறீர்களா, மாவில் முட்டை சேர்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். பரிமாறுபவர் தயங்கினால் சமையல்காரரையே வரச் சொல்லுங்கள். முடியாது என்றால் எழுந்து வந்துவிடலாம், தண்ணீர் குடித்ததற்காக யாரும் பிடித்து வைக்கமுடியாது. வைக்கச் சொல்லாமல் மேசைக்கு எது வந்தாலும், தொடும்முன் "இதற்குக் காசா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், தெரியும். நானும் வெட்கப்பட்டுத்தான் சும்மா இருந்தேன்.

நான் உள்நாட்டு வாணிப அமைச்சின் இணையப் புகார்த் தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். விலை காட்டாமல் விற்றது, கேட்காததற்குக் காசு வாங்கியது, சைவம் என்று பொய்யாகச் சொன்னது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதினேன். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் சொல்வதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின்கீழ் இருக்கும் திரிபுனலில், அதாவது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை நாமே கொண்டுபோகலாம், வக்கீல் தேவையில்லை, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். மூன்று வருடத்துக்குள் போடவேண்டும். அமைச்சிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருக்கிறேன், வராவிட்டால் அங்கே போவேன். அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. மறுநாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு, என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு பத்துமலை அடிவாரத்தில் விளக்குப் போட்டுவிட்டு வந்தார். படி ஏற முட்டி இடம் கொடுக்கவில்லை. "அவன்கிட்ட சொல்லிட்டேன், அவனுக்குத் தெரியும்" என்றார். எனக்கு அது போதவில்லை.

ஒரு விஷயம் புகார் போடும்போதுதான் தெரிந்தது. பில்லை வெப்பத்தாளில் அச்சடிக்கிறார்கள். கைப்பையில் இரண்டு வாரம் கிடந்ததில் என் பில்லின் மேல்பாதி மங்கிவிட்டது, தேதி பாதிதான் தெரிகிறது. நல்லவேளை, அன்றைக்கு அந்தக் கிண்ணத்தைப் படம் எடுத்தபோது பில்லையும் எடுத்துவைத்தாள் என் மகள்.