வண்டலூர் உயிரியல் பூங்கா: சிறு குழந்தைகளுடன் ஐந்து ஆண்டுகள்

மூத்த மகளுக்கு ஒன்றரை வயதானபோது வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு முதன்முதலாகப் போனோம். இப்போது அவளுக்கு ஆறரை, தம்பிக்கு மூன்று. இதற்கிடையில் பதினோரு முறை போய்வந்துவிட்டோம். அதில் ஒரு முறை வாசலோடு திரும்பினோம். அன்று செவ்வாய்க்கிழமை, பூங்காவுக்கு வார விடுமுறை. முன்கூட்டியே பார்த்துக்கொள்ளாதது எங்கள் தவறு.

முதல் பயணத்தில், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பரபரப்பில் பேட்டரி வண்டியில் ஏறினோம். ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புள்ள பூங்காவில் முதியவர்களுக்கு அந்த வண்டி பேருதவிதான். ஆனால் எங்கள் மகளோ ஓட்டுநர் அடித்த ஹாரனைத் தவிர வேறெதையும் கவனிக்கவில்லை. மூன்றாவது பயணத்திலிருந்து நடக்கத் தொடங்கினோம். ஒரு நாளைக்கு நான்கைந்து விலங்குகள் போதும் என்று முடிவெடுத்த பிறகுதான் வீடு திரும்பும்போது அழுகை நின்றது.

நீர்யானையிடம் மட்டும் ஒருமுறை முக்கால் மணி நேரம் நின்றோம். தண்ணீருக்கு மேலே இரண்டு காதுகளும் மூக்குத் துவாரங்களும் மட்டுமே தெரிந்தன. துவாரங்கள் மூடிக்கொள்ளும், தலை முழுகும், சில நிமிடங்கள் கழித்துப் புஸ்ஸென்று நீர்த்துளி தெறிக்க மீண்டும் மேலே வரும். ஒவ்வொரு முறையும் மகள் கைதட்டினாள். அது வாயைத் திறக்கும் என்று காத்திருந்தது நாங்கள்தான். மகன் அந்த முக்கால் மணி நேரத்தையும், எங்கள் இட்லித் துணுக்கைத் தூக்கிச் சென்ற எறும்பு வரிசையின் பின்னால் குந்தியபடி செலவிட்டான். அவனுக்கும் அன்று விலங்குக் காட்சிதான்.

இட்லி என்றதும் ஓர் எச்சரிக்கை. மரத்தடியில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் குழந்தைக்குக் கை கழுவப் போன இடைவெளியில், பொடி தடவிய இட்லி நான்கையும் ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. கூண்டுக்குள் இருப்பவை மட்டுமல்ல, சுற்றியுள்ள காட்டுக்குச் சொந்தமானவையும் அங்கே நடமாடுகின்றன என்பதை அதன் பிறகு மறக்கவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை ஒன்பது மணிக்கு நுழைந்து பன்னிரண்டுக்குள் வெளியேறுவதே சிறந்தது. உச்சி வெயிலில் புலியும் தூங்கும், குழந்தையும் தோளில் தூங்கும். மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், உள்ளேயிருக்கும் ஓட்டேரி ஏரிக்கு வலசைப் பறவைகள் வந்து சேர்வதால், ஒரு பைனாகுலரும் தண்ணீரும் கையில் இருந்தால் அந்தக் கரையிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும். பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதில்தான் என் மகனுக்கு ஆர்வம் அதிகம் என்பது வேறு விஷயம்.

காரைவிட மின்சார ரயிலையே பரிந்துரைப்பேன். தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், அடுத்தது வண்டலூர். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயணச்சீட்டு வேண்டியதில்லை. ஒருமுறை என் அப்பாவும் உடன் வந்தார். அவர் சிறுவயதில் பார்த்தது, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த பழைய மிருகக்காட்சி சாலை. 1855இல் எழும்பூரில் தொடங்கிப் பிறகு அங்கே இடம் மாறிய அந்தச் சாலைதான் 1985இல் வண்டலூருக்கு வந்தது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, “சிங்கமும் இந்த ரயிலிலயா தாத்தா வந்துச்சு?” என்று மகள் கேட்டாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, லாரியில் வந்திருக்கும் என்றார்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையோடு முதன்முறை போகிறவர்கள் வண்டியில் போய்ச் சிங்கங்களைப் பார்க்கும் சிங்க உலாவை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம். வரிசையில் நிற்பதிலேயே அவர்கள் பொறுமை தீர்ந்துவிடும். அடுத்த பயணத்துக்கு எங்கள் மகள் போட்டிருக்கும் திட்டத்தில் ரயிலும் நீர்யானையும் மட்டுமே இருக்கின்றன.