பாளையங்கோட்டையில் சீட்டை ஒப்பிட்டுக் காட்டும் மருந்துக்கடை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனைக்கு அருகிலுள்ள இந்தச் சிறிய மருந்துக்கடையில் எனக்கு மிகவும் பிடித்தது, மருந்தாளுநர் ஒவ்வொரு அட்டையையும் மருத்துவரின் சீட்டோடு நம் கண்முன்னே ஒப்பிட்டுக் காட்டிய பிறகே பையில் போடுவதுதான். முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே விழுங்க வேண்டும். தவறிப்போய்த் தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், என் அத்தை அதை எந்தக் கிழமையில் உட்கொள்கிறார் என்று கேட்டு, அட்டையின் மேலேயே ‘ஞாயிறு மட்டும்’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வேறு மருத்துவர் தந்த மாத்திரைகளையும் அவசியம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே பாராசிட்டமால்தானா என்று பார்த்துச் சொல்கிறார். ஒவ்வாமை இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும். மாலையில் கூட்டம் மிகுதி. விளக்கம் வேண்டுவோர் காலையில் செல்லலாம்.