வன்னியில் மூதாதையரின் விவாகப் பதிவுகளைத் தேடுதல்: ஒரு நீண்டகால அனுபவம்

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளில் வாழ்ந்த எங்கள் முன்னோரின் வம்சாவழியைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். இவ்வளவு கால அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. வன்னியில் பூட்டன், பூட்டி காலத்துத் திருமணத்தைத் தேடுபவர் விவாகச் சான்றிதழில் தொடங்கக் கூடாது. அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும்.

இதற்கான காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவுக்கு வழிசெய்ததே தவிர, பதியாத திருமணங்களைச் செல்லாதவையாக்கவில்லை. தாலி கட்டி, கூறை கொடுத்து, ஊரறியக் குடும்பம் நடத்தியவர்களின் வழக்காற்றுத் திருமணத்தை நீதிமன்றங்களும் ஏற்று வந்தன. ஆகவே சைவக் குடும்பங்களில் அந்தத் தலைமுறையினர் பலர் எழுத்து எழுதாமலே, அதாவது விவாகத்தைப் பதியாமலே, வாழ்ந்து முடித்தார்கள். பதிவு நடந்திருந்தாலும் எந்தக் கந்தோரில் தேடுவது என்பது அடுத்த சிக்கலாகும். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது. இன்றைய முல்லைத்தீவு மாவட்டத்தின் பெரும்பகுதி 1970களின் பிற்பகுதி வரை வவுனியாவோடு இருந்தது. பழைய பத்திரங்களிலோ ஊர்ப் பெயருக்கு முன்னால் கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை என்று பழைய நிர்வாகப் பிரிவான பற்றின் பெயர்தான் நிற்கும்.

எனக்கு மிக அதிகம் பயன்பட்டது சீதன உறுதி, அதாவது மகளுக்குச் சீதனமாகக் காணி கொடுத்த பத்திரம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தின் சீதன முறையையும் தம்மோடு கொண்டுவந்தன. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணி கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டியிருந்ததால், தாலி கட்டிய நாளை யாரும் எழுதி வைக்காத வீட்டிலும் மகளுக்குக் கொடுத்த காணியின் உறுதி திகதியோடு இருக்கிறது. அதில் பெண், பெற்றோர், பல வேளைகளில் மணமகன் ஆகியோரின் பெயர்களும் சாட்சிகளின் கையெழுத்துகளும் கிடைக்கின்றன. எல்லை விவரிக்கும் பகுதியைப் பலர் வாசிக்காமல் தாண்டிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். பெற்றோர் ஒரே காணியைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், வடக்கு எல்லையில் 'இன்னார் பெண்சாதி இன்னார்' என்று நிற்பவர் பெரும்பாலும் மணப்பெண்ணின் சகோதரியாகவே இருப்பார். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் நினைவில்லாத ஒரு பூட்டியின் தங்கையும் அவருடைய கணவரும் அப்படி ஒரு வடக்கு எல்லையில்தான் எனக்குக் கிடைத்தார்கள். உறுதியின் முற்பகுதியில் காணி எப்படி வந்தது என்று சொல்லும் வரிகளும் இதே அளவு முக்கியமானவை, ஏனெனில் அவை தாயின் சீதன உறுதியைச் சுட்டி, ஒரு தலைமுறை பின்னால் உள்ள திருமணத்துக்கு வழிகாட்டும். இடப்பெயர்வின் போது எதை விட்டாலும் உறுதிப் பையை விடாத வீடுகள் வன்னியில் பல உண்டு. அவற்றைத் தயவுசெய்து லமினேட் செய்ய வேண்டாம். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடலாம்.

இரணைமடு போன்ற குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு இந்த வழி உதவாது. அவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள் என்பதால், அங்கே பின்னுரித்தாளர் நியமனத்தை, அதாவது காணி அடுத்து யாருக்குச் சேரும் என்ற பதிவை, பார்க்க வேண்டும்.

கத்தோலிக்கக் குடும்பங்களின் நிலை இதைவிட நல்லது. 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபை விதியின்படி, ஒருவருடைய திருமணம் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் (கோவில் வட்டாரத்தின்) பதிவேட்டிலும் குறிக்கப்பட வேண்டும். எனவே திருமணம் எந்தக் கோவிலில் நடந்தது என்று தெரியாவிட்டாலும், பிறந்த ஊர்க் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்து ஓரத்தைப் பார்த்தால் துணையின் பெயரும் மணம் நடந்த பங்கும் சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். மச்சான் மச்சாள் திருமணமாக இருந்தால் இரத்த உறவுத் தடைக்குப் பெற்ற விலக்கும் திருமணப் பதிவில் வரும். அந்த ஒரு குறிப்பு இரண்டு கிளைகளை ஒரே இடத்தில் இணைத்துவிடுகிறது.

இணையத்தில் ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவழித் தேடல் தளம் இலவசமானது. கொழும்பின் ஒல்லாந்த சீர்திருத்தச் சபைப் பதிவுகளைத் தேடுபவருக்கு அது பெரும் உதவி. வன்னித் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை அங்கே எனக்குக் கிடைத்தது மிகக் குறைவு. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் உள்ள நினைவு வெளியீடுகள் நமக்கு எவ்வளவோ மேல். அந்தியேட்டி என்ற இறுதிச் சடங்குக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவு நூலில், இறந்தவர் எந்த ஊரில் யாருடைய மகளைக் கைப்பிடித்தார் என்பதை வெண்பாவிலோ விருத்தத்திலோ பாடி வைப்பது நம் வழக்கம். புகழ்ச்சியைக் கழித்துவிட்டு உறவு முறைகளை மட்டும் எடுத்தால், அவை நம்பத்தக்கவை என்பதே என் கணிப்பு.

1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தினர் பிரஜாவுரிமைப் பத்திரங்களைத் தேட வேண்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் மணமானவருக்கு 7 ஆண்டு வதிவையும் மணமாகாதவருக்கு 10 ஆண்டு வதிவையும் கேட்டது. அதனால் விண்ணப்பத்தில் திருமண நிலை பொருட்படுத்தப்பட்ட விடயமாக இருந்தது.

இவற்றால் ஆண்டும் ஊரும் ஓரளவு புலப்பட்ட பிறகே பதிவாளரிடம் போக வேண்டும். அதற்கு முன் மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கூட்டில் 'இல்லை' என்றிருந்தால், எழுத்து நடக்கவில்லை என்று மட்டுமே கொள்ளலாம். விவாகப் பதிவில் தந்தையரின் பெயர்கள்தான் வரும், தாய்மாரின் பெயர்களை எதிர்பார்க்க வேண்டாம். பதிவு இலக்கம் தெரியாதவர் குறிப்பிட்ட காலப்பகுதிக்கான தேடுதலையே கோர முடியும் என்பதால், உத்தேச ஆண்டு இல்லாத விண்ணப்பம் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பும். பிரதேச செயலகத்தில் ஏடு போரில் அழிந்துவிட்டது என்று சொன்னால், பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் மறுபிரதி இருக்கிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.