பென்ஷன் பணத்தில் கட்டிய பல்செட்

பென்ஷன் மட்டுமே வருமானம். கிளினிக்கில் சொன்ன தொகையைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அளவெடுத்தது ஒரு மாணவி. ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியர் வந்து சரிபார்த்தார். ஐந்து முறை அலைச்சல், ஆனால் செலவு பாதிகூட இல்லை.

அக்ரிலிக் எனும் ஒருவகை பிளாஸ்டிக்கில் செய்த செட்தான். மேல்செட் அண்ணத்தில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. கீழ்செட்தான் படுத்தியது: நாக்கு அசைந்தாலே தூக்கிக்கொள்ளும், ஈறின் உள்பக்கம் கடுகளவு புண் வேறு. அந்த மாணவி செட்டின் உள்பக்கம் அடையாளம் காட்டும் பசை தடவி, அழுத்தும் இடத்தைக் கண்டுபிடித்து, பொறுமையாக ராவிக் கொடுத்தார். இரண்டே நாளில் வலி போனது. இந்த மாதிரித் திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பல் பிடுங்கிய முதல் வருடம்தான் தாடையெலும்பு அதிகம் கரையும். உடனே கட்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். ராத்திரி கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுகிறேன். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்.