பாக்கெட் சரக்கா, உதிரிச் சரக்கா: பழைய இரும்புக் கடைத் தராசில் ஓர் ஒப்பீடு

திருச்சியில் ஐந்து பேர் கொண்ட எங்கள் வீட்டில் மாத மளிகையை இரண்டு விதமாகவும் வாங்கிப் பார்த்துவிட்டோம். முதல் மூன்று ஆண்டுகள் பல்பொருள் அங்காடியில் பாக்கெட் சரக்காக வாங்கி, காலியான உறைகளைக் கழுவி, உலர்த்தி, வகை பிரித்துக் கொடுத்தோம். கடந்த இரண்டு ஆண்டுகளாகக் காந்தி மார்க்கெட் பக்கத்து மளிகைக் கடைக்குத் துணிப்பைகளையும் டப்பாக்களையும் கொண்டுபோய் உதிரியாக, கடைக்காரர் மொழியில் ‘லூஸாக’, வாங்கி வருகிறோம். என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான். ஆனாலும் முதல் முறையை நாங்கள் அரைகுறையாகச் செய்து பார்த்துக் கைவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, பருப்பு வகைகள் உதிரியாக வாங்கினால் சற்று மலிவு. அங்காடியில் தள்ளுபடி போடும் நாள்களில் அந்த வித்தியாசமும் இருப்பதில்லை. நேரக் கணக்கில் பாக்கெட் சரக்கு சந்தேகமில்லாமல் முந்துகிறது. கல், தூசி, வண்டு ஆகியவை உதிரிச் சரக்கில் கூடுதல். இவை அனைவரும் அறிந்தவையே.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது வேறொரு கேள்வி: பொருள் தீர்ந்தபின் அதன் உறையைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள யாராவது இருக்கிறார்களா? பிரித்துக் கொடுத்ததனாலேயே எந்தப் பொருளும் மறுசுழற்சி ஆகிவிடுவதில்லை. அதை எடை போட்டு வாங்குபவருக்கும், அவரிடமிருந்து மொத்தமாக எடுப்பவருக்கும் கட்டுப்படியானால்தான் அது ஆலைவரை போய்ச் சேரும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரர். இரண்டு மாதமாகக் கழுவி உலர்த்திச் சேர்த்த உறைகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுபோயிருந்தேன். அவர் சாக்கைத் தரையில் கவிழ்த்து, பால் கவர், ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், அட்டைப்பெட்டி ஆகியவற்றை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மீதியை அப்படியே சாக்கில் அள்ளிப் போட்டார். “அக்கா, நீங்க கழுவிக் கொண்டாந்தாலும் இதுக்கு வெலை கெடையாது. உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுச்சுன்னா எனக்கு வேணாம்.” திருப்பிக் கொண்டுவந்த சாக்கு ஏறக்குறைய அதே பருமனில் இருந்தது. அந்த உறைகளைக் கழுவ, கோடையில்கூட, நாங்கள் செலவழித்த தண்ணீரை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

அவர் சொன்னதற்குப் பொருளியல் காரணம் மட்டுமின்றி அறிவியல் காரணமும் உண்டு. பிஸ்கட், சிப்ஸ், மசாலாப் பொடி போன்றவற்றின் பளபளப்பான உறைகள் பெரும்பாலும் ஒரே பிளாஸ்டிக்கால் ஆனவை அல்ல. மெல்லிய அலுமினியப் பூச்சு கொண்ட ஒரு படலமும் பாலிஎத்திலீன் படலமும் ஒட்டிய பல அடுக்கு உறைகள் அவை. பாலிஎத்திலீன் சுமார் 110 முதல் 130 டிகிரி செல்சியஸில் உருகும். வெளிப்படலம் பாலியெஸ்டராக இருந்தால் அது உருகச் சுமார் 250 டிகிரி வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்து உருக்குவது சரிவராது. ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்க ஆகும் செலவோ, கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். அதனால் இத்தகைய உறைகள் நல்வாய்ப்பாகச் சேகரிக்கப்பட்டால் சிமென்ட் ஆலை உலைக்கு எரிபொருளாகப் போகும்; இல்லாவிட்டால் குப்பைக் கிடங்குதான்.

மாறாக, பாட்டிலின் அடியில் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் முக்கோணத்துக்குள் 1, 2, 5 ஆகியவற்றில் ஓர் எண் இருந்தால் எங்கள் கடைக்காரர் மறுப்பதில்லை. 4ஆம் எண் வகையைச் சேர்ந்த பால் கவரையும் எடுத்துக்கொள்கிறார். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கவரின் மூலையைத் தனியாக வெட்டி எறியாமல், சிறு துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்ட வேண்டும். விரல் நகமளவு துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள். அது சாக்கடைக்கோ மண்ணுக்கோ போய்விடும். அங்காடியில் தரும் வழவழப்பான ரசீதும் வெப்பத்தால் அச்சாகும் வேதிப்பூச்சுத் தாள் என்பதால் பழைய பேப்பரோடு சேரக்கூடாது.

விலை இருந்தால் பொருள் தானாகத் திரும்பும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. காட்டில் வீசப்படும் கண்ணாடி பாட்டில்கள் யானை முதலான விலங்குகளைக் காயப்படுத்தியதை ஒட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில் 2022இல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலி பாட்டிலைத் தந்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. அதன்பின் பாட்டில்கள் கடைக்கே திரும்பத் தொடங்கின. பிஸ்கட் உறைக்கு அப்படி ஒரு 10 ரூபாய் கிடையாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கப்பட்டதும் நல்ல காரியங்கள்தாம். ஆனால் அந்த மஞ்சப்பைக்குள் இருபது பளபளப்பான பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி.

உதிரிச் சரக்கு இந்தக் கேள்வியையே எழவிடுவதில்லை. பருப்புக்கு வகைக்கொரு நிறத்தில் தைத்த சிறு துணிப்பைகள், புளிக்கும் வெல்லத்துக்கும் எவர்சில்வர் சம்படங்கள் என்று வைத்திருக்கிறோம். சம்படத்தை முதலில் வெறுமையாக எடை போட்டு, அந்த எடையை மூடியில் எழுதிவைத்துக் கொண்டால் தராசடியில் வாக்குவாதம் வராது. செய்தித்தாள் பொட்டலத்தை மட்டும் மறுத்துவிடுகிறோம். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. பொடி வகைகளில் கலப்படம் கண்ணுக்குத் தெரியாது; எனவே மிளகாயும் மல்லியும் முழுதாக வாங்கி, வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக் கொள்கிறோம். அரைக்கப்போகும் அன்று அரை நாள் போய்விடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எண்ணெயில் மட்டும் கணக்கு மாறுகிறது. சமையல் எண்ணெயை உதிரியாக விற்கப் பொதுவாக உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. கலப்படத்தைத் தடுக்க வந்த விதி அது. அதில் குறை காண முடியாது. ஆகவே ஒரு லிட்டர் பாக்கெட்டுகளை விட்டுவிட்டு 15 கிலோ தகரத்தில் வாங்கி, அக்கா வீட்டோடு பாதியாகப் பங்கிடுகிறோம். காலித் தகரத்தை இரும்புக் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு தகரம் வாங்கியிருந்தால் திறந்த எண்ணெய் தீர்வதற்குள் சிக்கு வாடை வந்திருக்கும். எனவே இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு 5 லிட்டர் கேனே பொருத்தம் என்று நினைக்கிறேன்; எங்கள் அனுபவம் ஐந்து பேர் வீட்டின் அனுபவம்தான். இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு எங்கள் முறை அப்படியே ஒத்துவருமா என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

பால் இன்னமும் பாக்கெட்டில்தான் வருகிறது. அதற்கு விலை கிடைப்பதால் மாற்ற முனையவில்லை. மாமியாரின் சத்துமாவுக்கும் மருந்துகளுக்கும் மாற்று இல்லை. பிள்ளைகள் கேட்கும் பிஸ்கட்டுக்கு மட்டும் பக்கத்து பேக்கரியில் சம்படத்தை நீட்டத் தொடங்கியிருக்கிறோம். முதல் நாள் கடைப் பையன் பிஸ்கட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சும் போட்டு, பத்திரமாகச் சம்படத்துக்குள் வைத்துக் கொடுத்தான். இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் இடுக்கியைக் கையில் எடுக்கிறான்.